செய்து காட்டலும் செய்தலும்: கண்டிப் பிரதேச ஆசிரியப் பயிற்சியில் செயலாற்றுகைக் கணிப்பீடு

ஆசிரியராகப் போகும் ஒருவர் கற்பித்தலைப் பற்றி விடைத்தாளில் எழுதுவதைக் கொண்டு அவரை அளவிடாமல், அவர் பாடமொன்றைத் திட்டமிட்டு, மாணவர் முன் நடத்தி, அவர்கள் கற்றதைக் கணித்து, அதற்கேற்ப அடுத்த பாடத்தை மாற்றியமைக்கும் செயலையே சான்றாகக் கொள்ளும் முறை, செயலாற்றுகை அடிப்படையிலான கணிப்பீடு எனப்படுகிறது. மருத்துவக் கல்வியை முன்வைத்து 1990ஆம் ஆண்டில் ஜோர்ஜ் மில்லர் வகுத்த கூம்பக மாதிரி இம்முறையை விளங்கிக்கொள்ள இன்றும் உதவுகிறது. அறிதல், எவ்வாறு செய்வதென அறிதல், செய்து காட்டல், அன்றாட நடைமுறையில் செய்தல் என நான்கு படிகளைக் கொண்ட அம்மாதிரியில், மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையிலுள்ள தூரமே கண்டிப் பிரதேசத்தின் ஆசிரியப் பயிற்சியை எடைபோடுவதற்கு மிகப் பொருத்தமான அளவுகோலாகும்.

இப்பயிற்சியின் மூன்று வழிகளும் கண்டியைச் சுற்றியே அமைந்துள்ளன. உயர்தரப் பரீட்சையின் பின் தெரிவாகும் இளைஞர்களுக்குப் பொல்கொல்லவில் மகாவலி தேசிய கல்வியியற் கல்லூரியும், ஆங்கில ஆசிரியர்களுக்கென்று பேராதனையில் மற்றொரு கல்வியியற் கல்லூரியும் உள்ளன. ஏற்கெனவே நியமனம் பெற்றும் பயிற்சி பெறாதவர்களுக்குக் கம்பளை ஆசிரியர் கலாசாலை போன்றவையும், பட்டதாரிகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகக் கல்வித்துறையின் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் உரியவை. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் கல்வியியற் கல்லூரிகளில் முதல் இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிக் கற்பதாகவும், மூன்றாம் ஆண்டு பாடசாலையொன்றில் கட்டுறு பயில்வாகவும், அதாவது முழுநேரப் பொறுப்புடன் பணியாற்றிப் பழகுவதாகவும் வகுக்கப்பட்டுள்ளது. சக பயிலுநர்கள் முன் ஒரேயொரு திறனை எடுத்துச் சில நிமிடங்கள் பயின்று பார்க்கும் நுண்முறைக் கற்பித்தல், 1960களில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உருவாகி இங்கும் வேரூன்றியது. அதற்கடுத்த நிலையே உண்மையான வகுப்பில் நடக்கும் கற்பித்தற் பயிற்சி.

செயலாற்றுகைக் கணிப்பீட்டின் வலிமையை மறுப்பதற்கில்லை. வினாவொன்றைத் தொடுத்தபின் எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது, தவறான விடை வரும்போது அதை ஒதுக்காமல் அதனுள் இருக்கும் எண்ணப்போக்கைப் பிடிப்பது எப்படி, கடைசி வரிசையில் மௌனமாக இருக்கும் பிள்ளையின் கொப்பியை எப்போது பார்ப்பது என்பன எந்த எழுத்துப் பரீட்சைக்கும் அகப்படாதவை. ஆங்கிலம் கற்பிக்கப்போகும் பயிலுநரின் இலக்கண அறிவை விடைத்தாள் காட்டிவிடும். வீட்டில் ஆங்கிலமே கேட்டிராத பிள்ளைகளைப் பேசவைக்க அவருக்கு இயலுமா என்பதை வகுப்பறைதான் காட்டும். பாடம் முடிந்த கையோடு விரிவுரையாளரும் பயிலுநரும் உட்கார்ந்து பேசும் அரைமணி நேரம், பருவம் முழுவதும் கேட்ட கல்வி உளவியல் விரிவுரைகளைவிட ஆழமாகப் பதிவதும் உண்டு.

ஆயினும், பார்க்கப்படும் பாடம் பெரும்பாலும் பார்க்கப்படுவதற்கென்றே தயாரிக்கப்பட்ட பாடமாக இருப்பது இம்முறையின் அடிப்படைக் குறைபாடாகும். மேற்பார்வையாளர் வரும் நாள் முன்கூட்டியே தெரிந்துவிட்டால், வண்ண அட்டைகள் தொங்குவதும், நன்றாக விடை சொல்லும் பிள்ளைகள் முன்வரிசைக்கு வருவதும், முதல்நாளே முடிந்த பாடம் புதிதுபோல் மீண்டும் அரங்கேறுவதும் ஆசிரியர் அறையில் எவரையும் வியக்கவைப்பதில்லை. இதற்குப் பயிலுநரைக் குறைகூறுவது நியாயமன்று. ஓரிரு வருகைகளில் தொழில் எதிர்காலம் தீர்மானமாகும்போது எவரும் அப்படித்தான் நடந்துகொள்வர். புள்ளிப்படிவத்தில் உள்ள பிரவேசம், கற்றல் சாதனம், கரும்பலகைப் பயன்பாடு, தொகுப்பு ஆகிய கூறுகள் தனித்தனியே நிறைவேறினாலும், பிள்ளைகள் எதைக் கற்றார்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமலே போகலாம்.

ஒரே படிவத்தை எல்லா இடங்களுக்கும் பயன்படுத்துவதால் எழும் அநீதி இதைவிடக் கடுமையானது. கண்டி நகரின் பெரிய பாடசாலையொன்றில், ஒரே தரத்தைச் சேர்ந்த பிள்ளைகள் நிறைந்த வகுப்பும், ரங்கலை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை மலைச்சரிவுகளில் உள்ள சிறிய தோட்டப் பாடசாலையொன்றில் இரண்டு மூன்று தரங்கள் ஒரே மண்டபத்தில் அமர்ந்திருக்கும் வகுப்பும் வெவ்வேறு திறன்களைக் கோருபவை. ஒரு தரத்துக்குச் சுயவேலை கொடுத்துவிட்டு மற்றத் தரத்துடன் பேசும் ஆசிரியர் பல்தரக் கற்பித்தலின் அரிய திறனொன்றைக் காட்டுகிறார். ஆனால் ஒருதர வகுப்பை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட நியதிகளின்படி, அவர் வகுப்பின் பாதியைக் கவனியாதவராகிவிடுகிறார். அளக்க வேண்டியதையே அளக்கும் பண்பான ஏற்புடைமை இங்கே சிதைகிறது. யார் அளந்தாலும் ஒத்த முடிவு தரும் பண்பான நம்பகமும், பாடத்துறை அறிந்த விரிவுரையாளர் ஒருமுறையும் அறியாதவர் மறுமுறையும் வரும்போது தளர்ந்துவிடுகிறது.

கணிப்பீட்டை வெளியாரிடம் ஒப்படைப்பதும் எளிய தீர்வன்று. அமெரிக்காவில் 2013 முதல் பரவலான ‘எட்டிபிஏ’ என்ற முறையில், பயிலுநர் தமது பாடத்தின் ஒளிப்பதிவையும் பாடத்திட்டத்தையும் மாணவரின் ஆக்கங்களையும் அனுப்ப, அவரை நேரில் அறியாத பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள் புள்ளியிட்டனர். இதனால் நம்பகத்துக்கு முக்கியத்துவம் கிடைத்தது. ஆனால் 300 டொலர் கட்டணம் பயிலுநர் தலையில் விழுந்தது, கற்பித்தலைக் காட்டிலும் அதைப் பற்றி எழுதும் திறமை எடுபடுகிறது என்ற விமர்சனமும் எழுந்தது. அதைக் கட்டாயமாக்கியிருந்த மாநிலங்களில் ஜோர்ஜியா 2020இலும் நியூயோர்க் 2022இலும் அந்தக் கட்டாயத்தை நீக்கின. எனினும், மாணவரின் ஆக்கங்களை ஆசிரியரின் திறனுக்குச் சான்றாகக் கேட்ட அதன் ஒரு கூறு இங்கே கடன்வாங்கத் தக்கது.

உண்மையில், கண்டியின் பயிற்சி அமைப்புக்குள்ளேயே மில்லரின் நான்காம் படி இருக்கிறது. கட்டுறு பயில்வு ஆண்டு முழுவதும் பயிலுநர் மழைநாளிலும் பரீட்சை நாளிலும், பிள்ளைகளின் வருகை குறைந்த தேயிலைக் கொழுந்துக் காலத்திலும் கற்பிக்கிறார்; அவருடைய பிள்ளைகளின் கொப்பிகளில் ஆண்டு முழுவதற்குமான சான்று குவிந்து கிடக்கிறது. அதை வாசிக்க நேரமும் ஆளும் ஒதுக்காமல், சில வருகைகளின் புள்ளிகளுக்கு முதன்மை தருவது கையிலிருக்கும் சிறந்த சான்றை வீணாக்குவதாகும். பாடசாலையின் மூத்த ஆசிரியர் ஒருவருக்கு வழிகாட்டும் பொறுப்பை மட்டும் கொடுத்து, புள்ளியிடும் பொறுப்பை வேறொருவருக்குப் பிரித்துக்கொடுத்தால், தமது இடர்ப்பாட்டை ஒளிக்காமல் பேசும் துணிவு பயிலுநருக்கு வரும். மதிப்பிடுபவரே ஆலோசகராகவும் இருக்கும்வரை அந்தத் துணிவை எதிர்பார்ப்பது வீண்.

செயலாற்றுகைக் கணிப்பீட்டைக் கைவிட்டு எழுத்துப் பரீட்சைக்குத் திரும்புவதற்கு நியாயமில்லை. அறிவித்துவிட்டு வரும் ஓரிரு மேற்பார்வைகளுக்கான புள்ளியைக் குறைத்து, ஒரே வகுப்பின் சில வாரத் தொடர்ப்பாடங்களையும் பிள்ளைகளின் கொப்பிகளையும் அதற்கீடாகச் சேர்ப்பதும், பல்தர வகுப்புக்கெனத் தனி நியதிகளை எழுதுவதும், தோட்டப் பாடசாலைகளில் கற்பித்த அனுபவமுள்ள தமிழ்மொழி மூல விரிவுரையாளர்களை அங்கு அனுப்புவதும் பெருஞ்செலவு பிடிக்காத மாற்றங்கள். தேசிய கல்வி நிறுவகமும் கல்வியியற் கல்லூரிகளும் அவற்றை முதலில் கண்டி மாவட்டத்திலேயே தொடங்கலாம்.