படத்தில் ஏறும் வண்ணம்

உள்ளதை உள்ளவாறே உரைப்பதைத் தன்மை நவிற்சி என்றும், மிகுத்து உரைப்பதை உயர்வு நவிற்சி என்றும் நம் அணிநூலார் பெயரிட்டனர். இரண்டையும் அணியென்றே அவர்கள் ஒப்புக்கொண்டனர். ஆகவே மிகைப்படுத்துவதே குற்றமென வழக்காட நாம் முன்வரவில்லை. எதனை மிகுத்தார், அதனால் யாருடைய உருவம் அழிந்தது என்பதே நம் கேள்வி. ஜாலான் புசார் வட்டாரத்தைக் காட்டி இந்நாளில் வெளிவரும் வண்ணப் படங்களைக் காணுந்தோறும் இக்கேள்வி எழுகின்றது.

அங்கே பெடேன் சாலையில், 1930 அளவில் எழுந்த 18 வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பதித்த பூவேலை ஓடுகளைக் காணவே வெளிநாட்டார் வருகின்றனர். நாமும் ஒரு காலைப்பொழுதில் சென்று பார்த்தோம். வெயில் தின்ற ரோஜா நிறமும், மழை கண்ட பச்சையுமாக அவை அடக்கத்தோடு விளங்கின. படங்களிலோ மிட்டாய்க் கடைச் சாடிகளைப் போலப் பளபளக்கின்றன. தேக்காவில் கெர்பாவ் சாலையிலுள்ள டான் டெங் நியா இல்லம் 1900-இல் கட்டப்பெற்றது, 1980களில் செப்பனிடப்பட்டது. இன்று அது கதவுக்கொரு வண்ணம், சட்டத்துக்கொரு வண்ணம் என்று பூசப்பட்டு நிற்கின்றது. அதன்மேலும் வண்ணம் ஏற்றுவோர் உளர்! கரும்புக்குச் சர்க்கரை தடவுவார் உண்டோ?

இவ்வேற்றம் எவ்வாறு நிகழ்கிறதென்பதை வாசகர் அறிதல் நலம். டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் பெரும்பாலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்களால் ஆனது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. நிறச்செறிவை உயர்த்துவதென்றால், எளிய கணக்கில், மூன்றின் சராசரியிலிருந்து ஒவ்வோர் எண்ணையும் மேலும் விலக்குவதாகும். மாலைக்கடையில் தொங்கும் சாமந்தியின் ஓரிதழ் 240, 165, 30 என்றும், அதன் நிழலிலுள்ள இதழ் 220, 150, 35 என்றும் வைத்துக்கொள்வோம். விலக்கத்தை இரட்டித்தால் இரண்டிலும் சிவப்பு 255-ஐ முட்டி நிற்கும். நீலம் 0-வில் விழும். எஞ்சுவது பச்சையிலுள்ள சிறு வேறுபாடே. இதழும் நிழலும் ஒன்றாகி, மாலை ஒரு மஞ்சட் பூச்சாகிவிடுகின்றது. வண்ணம் கூட்டப் புகுந்தவர் வண்ண வேறுபாட்டைக் குறைத்தவராகின்றார்.

பூவுக்கு நேர்வது இதுவென்றால், மனிதருக்கு நேர்வது யாது? நம்மவரில் ஒருவரின் மேனி 120, 80, 55 என்று பதிவாகியிருக்கலாம். விலக்கத்தை இரட்டித்தால் அது 155, 75, 25 ஆகும். மாநிறம் போய்ச் செங்கல் வந்துவிட்டது. இதைக் கண்ட படத்தொழிலாளர் கைப்பிழையை ஒப்புவதில்லை. மேனியே பிழையென்று கருதி முகத்தை வெளுக்கத் தொடங்குகின்றனர்.

நம் உறவினர் வீட்டுத் திருமணத்தில் இதனை நேரில் கண்டோம். பட்டுப்புடவை ஒளிரவேண்டுமென்று ஒரு படநிலையத்தார் வண்ணத்தை ஏற்றினர். முகங்கள் சிவந்ததும் அவற்றை வெளுத்தனர். கைகளை மறந்துவிட்டனர். மணமகளின் அத்தை அப்படத்தை நெடுநேரம் நோக்கி, “முகம் யாருடையதோ தெரியவில்லை, கை என்னுடையதுதான்” என்றார். கூடியிருந்தோர் நகைத்தனர். அவர் நகைக்கவில்லை. வாடிக்கைக்காரர் விரும்புவதையே செய்கிறோம் என்பது நிலையத்தாரின் மறுமொழி. அந்த அம்மையாரும் வாடிக்கைக்காரரில் ஒருவரன்றோ?

இது படத்தொழிலில் பழைய நோய். பிலிம் சுருள் நாளில், நிறம் சரிபார்க்கக் கோடாக் நிறுவனத்தார் அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளை மாதர் முகமே இருந்தது. ‘ஷர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். சாக்லேட்டின் கருமையும் மரச்சாமானின் பழுப்பும் படத்தில் சரியாக விழவில்லையென்று உற்பத்தியாளர் முறையிட்டமை, பிலிம் திருந்துவதற்கு ஒரு காரணமாயிற்றென லோர்னா ராத் என்னும் ஆராய்ச்சியாளர் 2009-இல் எழுதினார். கறுத்த மனிதரின் முகத்துக்கு வாராத இரக்கம் மரமேசைக்கு வந்தது! நம்முள்ளே வெள்ளைமுக மோகம் கொண்டோர் அந்த அட்டையைக் கையில் எடாமலே மனத்தில் ஒட்டிவைத்திருக்கின்றனர்.

கருவியைப் பழிக்க நமக்கு மனமில்லை. அதில் நல்வழியும் உண்டு. 2007-இல் வெளிவந்த லைட்ரூம் செயலியில் ‘வைப்ரன்ஸ்’ என்றொரு கட்டுப்பாடு இருந்தது. மங்கிய நிறங்களை மிகுதியாகவும், ஏற்கெனவே செறிந்தவற்றைக் குறைவாகவும் அது உயர்த்தும்; மேனி நிறத்தைக் காக்கவும் முயலும். ஆயினும் எது மேனி என்று கருவி ஊகிக்கவே செய்கின்றது. பார்த்துத் திருத்தும் கண் வேறு வேண்டும். அதற்கும் முன்னதாக விளக்கொளியின் மஞ்சளை நீக்கல்வேண்டும். அதை நீக்கியவுடனே பாதிப் படங்களுக்கு வேறு ஏற்றம் தேவைப்படாது என்பது நம் அனுபவம். அவசரக்காரர் இப்படியைத் தாண்டிவிடுகின்றனர்.

அத்திருமணப் படத்தின் திருத்தாத மூலத்தைக் கேட்டு வாங்கினோம். மண்டப விளக்கின் மஞ்சளை முதலில் களைந்தோம். புடவையை மட்டும் வரைந்து தெரிந்து, அதன் செறிவைப் பத்திலொரு பங்கு உயர்த்தினோம். சரிகை இழைகள் தனித்தனியே தெரியும் மட்டில் நிறுத்திக்கொண்டோம். முகங்களை நாம் தொடவேயில்லை. அத்தையார் படத்தை வாங்கிப் பார்த்தார். தம் கன்னத்து மச்சத்தின்மீது விரலை வைத்து, “இதையும் அவர்கள் எடுத்துவிட்டிருந்தார்கள்” என்றார்.