உள்ளூர் நூதனசாலையும் பொதுமக்களும் – ஒரு நோக்கு

நூதனசாலையொன்று பொதுமக்களுக்குத் திறந்துள்ளது எனக் கூறும்போது, குறித்த நேரத்தில் அதன் கதவு திறக்கப்படுகின்றது என்பதையே நாம் பெரும்பாலும் கருதுகின்றோம். ஆயின் வாயில் திறந்திருத்தல் வேறு. வரலாறு திறந்திருத்தல் வேறு. இவ்வேறுபாட்டினை உள்ளூர் வரலாற்று நூதனசாலைகளை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொது நூதனசாலை என்னும் கருத்து முழுவளர்ச்சியுடன் தோன்றியதன்று. 1753 இல் சட்டத்தால் நிறுவப்பெற்று 1759 இல் திறக்கப்பெற்ற பிரித்தானிய நூதனசாலை கட்டணம் எதனையும் அறவிடவில்லை. ஆனால் எழுத்தில் விண்ணப்பித்து அனுமதிச்சீட்டுப் பெறவேண்டியிருந்தது. எழுத்தறிவும் ஓய்வும் அற்றவனை அவ்விண்ணப்பமே வெளியில் நிறுத்தியது. 1857 இல் தென் கென்சிங்டனில் திறக்கப்பெற்ற நூதனசாலை வாயுவிளக்கேற்றி இரவிலும் மக்களை அனுமதிக்கத் தொடங்கியபோது, பகல் முழுதும் உழைப்பவனுக்கும் வழி பிறந்தது. பார்வையாளர் வசதி எனப்படுவது வெறும் நிருவாக விடயமன்று. அது வர்க்க உறவுகளோடு பிணைந்த பிரச்சினை என்பதற்கு இவை தக்க சான்றுகளாகும்.

கொழும்பு நூதனசாலை ஆளுநர் கிரகரியின் முயற்சியால் 1877 இல் திறக்கப்பெற்றது. நல்லூர் நாவலர் வீதியிலுள்ள யாழ்ப்பாணத் தொல்பொருள் நூதனசாலையோ 1978 இல் அமைந்ததாகும். கந்தரோடையிற் கிடைத்த புத்தர் சிலைப் பகுதிகள், பல்லக்கு, ஒல்லாந்தர் காலப் பீரங்கிகள் என அங்குள்ள பொருள்களின் வகைமையே, இப்பிரதேசத்தின் வரலாறு ஒற்றை மதத்தின் வரலாறோ ஓர் அரச மரபின் வரலாறோ அன்று என்பதை உணர்த்தவல்லது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் 1980–81 காலப்பகுதியில் ஆனைக்கோட்டையில் நிகழ்த்திய அகழ்வாய்வு இவ்வரலாற்றினைப் பெருங்கற்காலப் பண்பாடு வரை கொண்டுசென்றது. அதே 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. எழுத்தாவணம் அழிந்த சமூகத்திலே பொருள்கள் ஆவணத்தின் சுமையையும் தாங்கவேண்டியவையாகின்றன. அவற்றை மக்கள் வாசிக்க வழியுண்டா என்பதே வினா.

பெயர் சுட்ட விரும்பாத ஓர் உள்ளூர்க் காட்சிக்கூடத்தில் நாம் கண்டதொன்றை இங்கு குறிப்பிடலாம். கண்ணாடிப் பெட்டியினுள் மூக்குப்பேணி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. ‘பித்தளைப் பாத்திரம்’ என்பதற்கு மேல் விளக்கச்சீட்டு எதுவும் கூறவில்லை. அருகில் நின்ற காவலாளிக்கும் எவரும் எதனையும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அப்போது முதியவர் ஒருவர் அங்கிருந்த பாடசாலை மாணவரை நோக்கி, “உதிலை எங்களுக்குத் தரமாட்டினம், பிள்ளையள். எங்களுக்குச் சிரட்டையிலைதான் ஊத்துவினம்” என்றார். மாணவர் பெட்டியை மீண்டும் உற்று நோக்கினர். 1966 ஒக்டோபர் 21 எழுச்சியைத் தொடர்ந்து தேநீர்க்கடைகளிலும் ஆலயங்களிலும் நிகழ்ந்த பிரவேசப் போராட்டங்களின் பொருள் முழுவதும் அவ்விரு வசனங்களில் அடங்கியிருந்தது. முதியவர் சென்றுவிட்டார், அவர் கூறியதை எழுதிவைப்பார் எவருமிலர்.

இங்கு குறைபாடு வசதியின்மை மட்டுமன்று, நோக்குநிலையின் குறைபாடுமாகும். பொருளின் உலோகத்தைக் குறிக்கும் சீட்டு, அதனை வார்த்தவன் யார், அதில் அருந்தியவன் யார், அருந்த மறுக்கப்பட்டவன் யார் எனக் கூறாதுவிடின், சாதியச் சமுதாயத்தின் மௌனத்தையே அதுவும் தொடர்கின்றது. பார்வையாளன் அறிவைப் பெற வருபவன் மட்டுமல்லன். அறிவைத் தர வல்லவனுமாவான். தேசிய நூதனசாலையினின்று உள்ளூர் நூதனசாலையை வேறுபடுத்தும் தலையாய பண்பு இதுவே.

நிதியும் ஆளணியும் போதா என்பர். இக்கூற்றில் உண்மையுண்டு. ஆயினும், வேலைநாட்களிற் பகற்பொழுதில் மட்டும் திறப்பதற்குப் பதிலாக வாரத்தில் ஒரு மாலையேனும் திறத்தல், மும்மொழியிலும் சமூகப் பயன்பாட்டினை விளக்கும் சீட்டெழுதல், காவலாளரை விளக்குநராகப் பயிற்றுதல், முதியோர் கூற்றுக்களைப் பதியக் கொப்பியொன்றை வைத்தல் ஆகியவை பெருஞ்செலவை வேண்டுவன அல்ல. வாய்மொழிக் கூற்று ஆய்வுத் தரமற்றது என்பாரும் உளர். பிற சான்றுகளைப் போன்றே அதனையும் ஒப்புநோக்கிச் சோதித்தல் ஆய்வாளர் கடன். சோதிப்பதற்கு முதலில் அது பதியப்படல் வேண்டும்.

இப்பணியிற் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கும் பங்குண்டு. கொப்பியுடன் அம்முதியவர் அருகில் நிற்கவேண்டியவர்கள் நமது மாணவர்களே. காலம் தாழ்த்தின் மூக்குப்பேணி எஞ்சும். அதனைப் பேசவைப்போர் எஞ்சார்.