விளக்கும் வாளும்
ஹனுக்கா வழிபாட்டு நூல்கள் பற்றி ஒரு நோக்கு

பிற சமயத்தார் விழாக்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அந்நாளின் பலகாரங்களையும் அலங்காரங்களையும் விவரித்துவிட்டு அமைந்துவிடுகின்றனர். அன்று ஓதப்படும் நூல்களை இலக்கியமாக எடுத்து ஆராய்வோர் சிலரே. ஆயினும், ஒரு சமுதாயம் தன் வெற்றியை எந்தச் சொற்களால் நினைவுகூர்கிறது, எதனைச் சொல்லாமல் விடுகிறது என்பதைக் கொண்டே அதன் உள்ளக்கிடக்கையை நாம் அறிந்துகொள்ள முடியும். யூதர்களின் ஹனுக்கா என்னும் எட்டு நாள் விழாவை அந்நோக்கில் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

‘ஹனுக்கா’ என்னும் எபிரேயச் சொல்லுக்கு அர்ப்பணம் என்பது பொருள். கிஸ்லேவ் மாதம் 25-ஆம் நாள் தொடங்கும் இவ்விழா, நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ வரும். பொதுவாகப் பேசுவதினும் ஒரு சபையை முன்னிறுத்திப் பேசுவது தெளிவு தருமாதலின், ஆம்ஸ்டர்டம் நகரின் போர்த்துக்கேய யூதச் சபையை எடுத்துக்கொள்கிறோம். அதற்குக் காரணமும் உண்டு.

ஸ்பெயினில் கிரானடா வீழ்ந்த 1492-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு யூதர்களை வெளியேற்றும் ஆணையும் பிறந்தது. போர்த்துக்கலில் 1497-இல் அவர்கள் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டனர். 1609-இல் ஸ்பெயினின் எஞ்சிய முஸ்லிம் வழியினரான மொரிஸ்கோக்களுக்கும் வெளியேற்ற ஆணை வந்தது. வெளியில் கிறித்தவராகவும் உள்ளத்தில் யூதராகவும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோருள் ஒரு பகுதியினர் ஆம்ஸ்டர்டம் வந்து சேர்ந்து, மறந்துபோன எபிரேயத்தை மீண்டும் கற்றனர். 1616-இல் தோன்றிய ‘எட்ஸ் ஹயீம்’ கல்விக்கூடத்தின் நூலகம் இன்றும் உள்ளது. 1675-இல் திறக்கப்பட்ட அவர்களுடைய பெரிய தொழுகைக்கூடத்தில் இன்றளவும் மின்விளக்கு இல்லை. பித்தளைச் சரவிளக்குகளில் ஏறத்தாழ ஆயிரம் மெழுகுவத்திகள் எரிகின்றன. மரத்தரையின்மேல் நுண்மணல் தூவப்பட்டிருக்கும். ஆனால் வெப்பமூட்டும் வசதியும் அங்கே இல்லாமையால், கடுங்குளிர் மாதங்களில் சபையார் பக்கத்திலுள்ள சிறிய மண்டபத்தில் கூடித் தொழுகின்றனர். விளக்கின் விழா குளிர்காலத்தில் வருவது. ஆகவே ஆயிரம் சுடருடைய பெருங்கூடம் வெறுமையாய் நிற்க, சிறு கூடமே அவ்விழாவின் இடமாகிறது. வாசகர்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

பொதுவாக யூதத் தொழுகைக்கூடங்களில், பிற்பகல் தொழுகைக்கும் இரவுத் தொழுகைக்கும் இடையே தென்புறச் சுவரருகே ஹனுக்கா விளக்கு ஏற்றப்படும். பழைய ஆலயத்தின் ஏழுகிளை விளக்குத் தண்டு தென்புறம் நின்றதன் நினைவு அது. ஹனுக்கா விளக்கிலோ எட்டுச் சுடர்களும், அவற்றை ஏற்றுவதற்கான ‘ஷம்மாஷ்’ என்னும் ஊழிய விளக்கொன்றும் உண்டு. அவ்வெட்டின் ஒளியில் படிக்கவோ, காசு எண்ணவோ கூடாது. காண்பதற்கன்றி வேறெதற்கும் அவ்வொளி உரியதன்று. சபையில் ஏற்றிய விளக்கு எவருடைய கடமையையும் தீர்ப்பதில்லை. ஏற்றியவரும் வீடு திரும்பித் தம் குடும்பத்தாருடன் மீண்டும் ஏற்றவேண்டும். சபை விளக்கு அற்புதத்தைப் பலரறியச் செய்வதற்கும், வீடற்று வந்து தங்கிய வழிப்போக்கனுக்கும் உரியது. வழிபாட்டின் நடுவிடம் கூடமன்று, குடும்பம் என்பதை இவ்விதி உணர்த்துகிறது.

இனி நூல்களுக்கு வருவோம். சிரியாவை ஆண்ட செலூக்கிய மன்னன் நான்காம் அந்தியோக்கஸ், கி.மு. 167-இல் ஜெருசலம் ஆலயத்தில் பிற தெய்வ வழிபாட்டைப் புகுத்தி, யூதச் சமயக் கடமைகளைத் தடைசெய்தான். மோதீன் ஊர்க் குரு மத்தத்தியாவும் அவர் மக்களும் கிளர்ந்தெழுந்தனர். அவர் மகன் யூதா மக்கபேயர் கி.மு. 164-இல் ஆலயத்தை மீட்டுத் தூய்மைப்படுத்தினார். இவ்வரலாற்றை மக்கபேயர் முதல் நூலும் இரண்டாம் நூலும் விரிவாகக் கூறுகின்றன. வியப்பு யாதெனில், ஒரு நாளைக்குரிய எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்னும் புகழ்பெற்ற செய்தி இவ்விரு நூல்களிலும் இல்லை. எட்டு நாள் என்பதற்கு இரண்டாம் நூல் வேறு காரணம் சொல்கிறது: மலைகளிலும் குகைகளிலும் திரிந்தமையால் கொண்டாடவியலாது போன கூடார விழாவை அவர்கள் அவ்வாறு கொண்டாடினார்களாம். முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் விழாவை ‘ஒளி’ என்றே குறித்தும், எண்ணெயைச் சொல்லவில்லை. எதிர்பாராது வெளிப்பட்ட உரிமையே அப்பெயருக்குக் காரணமாயிருக்கலாம் என்று கருதுகிறார்.

எண்ணெய்ச் செய்தி வருவது பாபிலோனியத் தல்மூதில். ஹனுக்கா என்றால் என்ன என்று அந்நூல் ஒரு வினாவை எழுப்பிக்கொண்டு, பகைவர் எல்லா எண்ணெயையும் தீட்டுப்படுத்தியதையும், தலைமைக் குருவின் முத்திரை கலையாத ஒரே சாடி அகப்பட்டதையும், அது எட்டு நாள் எரிந்ததையும் விடையாகக் கூறுகிறது. போரைப் பற்றி ஒரு குறிப்போடு நின்றுவிடுகிறது. இன்னுமொன்று: மக்கபேயர் நூல்கள் எபிரேய வேதத் தொகுப்பில் இடம்பெறவே இல்லை. கிரேக்க மொழியில் அவற்றைக் காத்து வைத்தவர்கள் கிறித்தவர்களே. தன் மாபெரும் போர் வெற்றியைப் பாடும் நூலைத் தன் வேதத்துக்கு வெளியே நிறுத்திய சமுதாயம் இது.

இஃது ஏன்? உரோமருக்கு எதிரான கிளர்ச்சிகளில் நொந்துபோன அறிஞர்கள் வாளைப் பற்றிப் பேச அஞ்சினர் என்பர் சிலர். அதில் உண்மை இருக்கலாம். எனினும் அச்சம் மட்டுமே காரணமென நாம் ஒப்புவதற்கில்லை. மத்தத்தியாவின் வழியினரான ஹஸ்மோனியர் ஆட்சியாளராயினர். யூதா மக்கபேயரின் அண்ணன் மகன் யோவான் ஹிர்க்கானுஸ், தான் வென்ற இதுமேயரைக் கத்னா செய்து யூதச் சமயத்தை ஏற்குமாறு கட்டாயப்படுத்தியதை ஜோசிபஸ் பதிவு செய்கிறார். சமய வற்புறுத்தலை எதிர்த்து எழுந்த குடும்பம், இரண்டு தலைமுறை கழிவதற்குள் அதே வற்புறுத்தலைப் பிறர்மீது சுமத்திற்று. இவ்வரலாறு தெரிந்தவர்கள் வாளைக் கொண்டாட எவ்வாறு மனம் கொள்வர்? தல்மூதின் மௌனத்தை வரலாற்றை மறந்த மௌனமாக நாம் கருதவில்லை. வரலாற்றின் மீது வழங்கிய தீர்ப்பாகவே கருதுகிறோம்.

இக்கருத்துக்குச் சான்றாக, அவ்வெட்டு நாளும் தொழுகையிலும் உணவுக்குப் பின் கூறும் நன்றியுரையிலும் சேர்க்கப்படும் ‘அல் ஹன்னிஸ்ஸீம்’ என்னும் பகுதியைப் பார்க்கலாம். தல்மூதைப் போலன்றி இது போரை வெளிப்படையாகக் கூறுகிறது. எண்ணெய்ச் சாடியைக் கூறவில்லை. ஆனால் இதன் வினைச்சொற்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். வழக்காடியது, நீதி வழங்கியது, பழி தீர்த்தது, வலியோரை எளியோர் கையில் ஒப்புவித்தது ஆகிய வினைகளுக்கெல்லாம் எழுவாய் இறைவனே. மனிதர் எழுவாயாக வரும் வினைகள் யாவை? உள்ளே வந்தனர், அகற்றினர், தூய்மை செய்தனர், விளக்கேற்றினர், எட்டு நாளை நன்றிக்கென வகுத்தனர் என்பவையே. போர்க்களத்தில் மனிதனுக்கு ஒரு வினைமுற்றும் இல்லை. அவனுக்குரியதெல்லாம் துடைப்பமும் திரியுமே. இலக்கண அமைதியாலேயே ஓர் அறத்தைச் சொல்லிவிடும் இத்திறம், எந்த மொழியின் இலக்கியத்திலும் போற்றத்தக்கது. விழாவின் இடையே வரும் சனிக்கிழமையில் ஓதுவதற்கென சக்கரியா தீர்க்கதரிசியின் பகுதி தெரிவு செய்யப்பட்டிருப்பதும் இதனோடு இயைகிறது. படைவலியாலன்று, இறைவனின் ஆவியாலேயே காரியம் நிறைவேறும் என்பது அப்பகுதியின் உட்பொருள்.

நாள்தோறும் காலையில் தவ்ராத்தின் எண்ணாகமத்திலிருந்து ஓதப்படும் பகுதி வேறுவகையானது. பன்னிரு குலத் தலைவர்கள் பலிபீட அர்ப்பணத்துக்குக் கொண்டுவந்த காணிக்கைகளின் பட்டியல் அது. ஒவ்வொருவரும் கொணர்ந்தது ஒன்றே: 130 சேக்கல் எடையுள்ள வெள்ளித் தட்டு, 70 சேக்கல் வெள்ளிக் கிண்ணம், 10 சேக்கல் பொற்கரண்டி, இன்ன பிற. பெயரை மட்டும் மாற்றிப் பன்னிரண்டு முறையும் முழுமையாகவே கூறப்படுகிறது. கூறியது கூறல் குற்றமென்று நம் இலக்கண நூலார் இதனை ஒதுக்கிவிடக்கூடும். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் ‘மற்றவரும் அவ்வாறே’ என்று சுருக்கியிருந்தால், முதல்வரைத் தவிர ஏனையோர் வெறும் எண்ணிக்கையாகிவிடுவர். ஒரே பொருளைக் கொணர்ந்தாலும் ஒவ்வொருவர் கையும் வேறு. சபையாக வாழும் மக்கள் இதனைச் சலிப்பின்றி எட்டு நாள் கேட்பதில் பொருளிருக்கிறது.

சுடர்களை ஏற்றும் முறையிலும் ஒரு கருத்துப்போர் நடந்திருக்கிறது. முதலிரவு எட்டு ஏற்றி நாளுக்கொன்று குறைக்கவேண்டும் என்றது ஷம்மாயின் பள்ளி. ஒன்றில் தொடங்கி நாளுக்கொன்று கூட்டவேண்டும் என்றது ஹில்லேலின் பள்ளி. புனிதத்தில் ஏறுவதே முறை, இறங்குவதன்று என்ற காரணத்தால் ஹில்லேலின் கூற்றே நிலைபெற்றது. விளக்கை வாயிலின் வெளிப்புறம் வைக்கவேண்டும். ஆபத்துக் காலத்தில் வீட்டுக்குள் மேசைமேல் வைத்தாலும் போதும் என்பது மற்றொரு விதி. விசாரணை மன்றங்களுக்கு அஞ்சிக் கதவடைத்து வாழ்ந்த முன்னோரையுடைய ஆம்ஸ்டர்டம் சபைக்கு இவ்விதிவிலக்கின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இதுவரை கூறியவற்றால், யூத வழிபாட்டில் பழிவாங்கும் குரலே இல்லையென்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. அது நேர்மையான திறனாய்வுமாகாது. ஐரோப்பாவின் அஷ்கெனசி யூதர்கள் விளக்கேற்றியபின் பாடும் ‘மாஓஸ் ஸூர்’ என்னும் பாடலின் முதல் ஐந்து கண்ணிகளின் தொடக்க எழுத்துகள் மொர்தெக்காய் என்னும் புலவர் பெயரைத் தருகின்றன. சிலுவைப் போர்க் காலக் கொலைகளின் நினைவு ஆறாதிருந்த செருமானிய நாட்டுச் சூழலில் அது தோன்றியது என்பர். சிந்திய இரத்தத்துக்குப் பழிதீர்க்குமாறு வேண்டும் ஆறாம் கண்ணி ஒன்றும் உண்டு. அது மூலத்தில் இருந்ததா, பின்னர்ச் சேர்ந்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. பாடும் சபைகளும் உள; விட்டுவிடும் சபைகளும் உள. ஸ்பெயின் வழிவந்த செபாரதி யூதரின் பழைய மரபிலோ, இவ்விடத்தில் ஜபூரின் 30-ஆம் பாடல் ஓதப்படுகிறது. இல்லத்தின் அர்ப்பணத்துக்குரியதெனத் தலைப்பிடப்பட்ட பாடல் அது.

ஆறாம் கண்ணியை நாம் எளிதில் பழித்துவிட முடியாது. நாஜிகளின் ஆக்கிரமிப்புக்கு உள்ளான நெதர்லாந்தில் வாழ்ந்த ஏறத்தாழ 1,40,000 யூதர்களுள் 1,00,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஆம்ஸ்டர்டமின் பெருங்கூடம் சேதமின்றி நின்றது. அதனை நிறைத்திருந்த மக்கள் பெரும்பாலோர் திரும்பவில்லை. அவ்வாறு இழந்தவர்கள் இறைவனிடம் நீதி கேட்பதைக் குறைகூற நாம் யார்? அதேவேளையில், ஒடுக்கப்பட்டிருந்தமை ஒன்றே ஒரு சபையைத் தவறாமல் காத்துவிடாது என்பதற்கும் இச்சபையிலேயே சான்று உண்டு. விசாரணை மன்றங்களிலிருந்து தப்பி வந்தவர்களின் இச்சபைதான், 1656-ஆம் ஆண்டு ஜூலை 27-இல், இருபத்துமூன்று வயது இளைஞரான ஸ்பினோசாவைக் கடும் சாபங்களுடன் விலக்கி வைத்தது. ஹிர்க்கானுஸின் செயலுக்கு இஃது ஈடன்று. ஆயினும் வென்றவன் கையில் விளக்கு மறுபடியும் வாளாக மாறக்கூடும் என்னும் எச்சரிக்கை இரண்டிலும் உண்டு. எல்லாச் சமுதாயத்தாரும் தத்தம் கைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை இது.

இவ்விழாவின் விதிகளைத் தொகுத்தோருள் தலைசிறந்தவர், கொர்தோபாவில் பிறந்து எகிப்தின் புஸ்தாத் நகரில் வாழ்ந்து 1204-இல் மறைந்த மூஸா இப்னு மைமூன். தம் பெருஞ்சட்டத் தொகுப்பில் ஹனுக்காப் பகுதியை முடிக்குமிடத்தில் அவர் இவ்விளக்கைப் பெரிதும் போற்றுகிறார். தருமத்தால் உண்பவனும் இரந்தோ, மேலாடையை விற்றோ எண்ணெய் வாங்கி இதனை ஏற்றவேண்டும் என்கிறார். உடனே ஒரு வினாவை எடுக்கிறார்: ஏழை ஒருவனிடம் ஒரு விளக்குக்கான எண்ணெயே இருக்கிறது; ஹனுக்கா விளக்கை ஏற்றுவதா, வெள்ளிக்கிழமை இரவு வீட்டார் இருளில் இடறாதிருக்க வீட்டு விளக்கை ஏற்றுவதா? வீட்டு விளக்கே முந்தியது என்பது அவர் தீர்ப்பு. இல்லத்தின் அமைதிக்காக அது வேண்டும், உலகில் அமைதி நிலைக்கவே வேதம் அருளப்பட்டது என்பது அவர் காட்டும் காரணம். அவ்வாறு கூறி அப்பகுதியை முடித்துவிடுகிறார்.

ஓர் இனத்தின் மாபெரும் வெற்றிக்கு எடுத்த விளக்கு, ஓர் ஏழை வீட்டு இரவுணவின் வெளிச்சத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. மக்கபேயர் நூல்களிலிருந்து தல்மூது வழியாக இப்னு மைமூன் வரை வந்த இந்நெடும் பயணத்தில் வாள் படிப்படியாகக் கீழே வைக்கப்பட்டதை நாம் காண்கிறோம். அதனை மீண்டும் எடுப்பதும் எடுக்காததும் அந்தந்தக் காலத்து மக்களின் பொறுப்பு. நூல்களைப் பொறுத்தவரை, தீர்ப்பு என்றோ எழுதப்பட்டுவிட்டது.