தூங்கி எழுந்தால் சரியாகிவிடுமா?

தலையில் அடிபடுவதைப் பற்றித் தமிழில் வந்த படங்களில் ஓரளவு நம்பகமானது எது என்று கேட்டால், ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ என்றுதான் சொல்வேன். 2012 நவம்பரில் வந்தது, இயக்கம் பாலாஜி தரணீதரன். கதை பலருக்கும் தெரிஞ்சதுதான். கல்யாணத்துக்கு முன்னாடி நண்பர்களோடு கிரிக்கெட் ஆடப்போன பிரேம், கேட்ச் பிடிக்கப் பின்பக்கமாகவே ஓடி விழுந்து தலையில் அடி வாங்குகிறான். ஏறக்குறைய ஒரு வருஷத்து நினைவு காணாமல் போகிறது. கல்யாணப் பெண் யாரென்றே தெரியவில்லை. இது ஒளிப்பதிவாளர் சி. பிரேம்குமாருக்கு நிஜமாகவே நடந்த சம்பவம். படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் அவரேதான்.

அதனால்தான் அந்தக் கேள்விகள் அவ்வளவு அச்சு அசலாக இருக்கின்றன. என்ன நடந்தது என்று கேட்பான், சொல்வார்கள், சமாதானமாவான், ரெண்டு நிமிஷத்தில் முதலிலிருந்து கேட்பான். நாம் சிரித்தோம். ஆனால் கன்கஷன், அதாவது மூளையதிர்ச்சி ஏற்பட்ட முதல் சில மணி நேரத்தில் பலர் நடந்துகொள்வது அப்படியேதான். புதிதாகக் கேட்டது மூளையில் பதிவதில்லை, அதனால் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அடி பட்ட இடம் ‘மெடுல்லா ஆப்லங்கேட்டா’ என்று ஒரு நண்பர் விளக்குவதை மட்டும் நம்பிவிடாதீங்க. அது மூச்சையும் இதயத்துடிப்பையும் பார்த்துக்கொள்கிற பகுதி, நினைவுக்கு வேறு இடம்.

என் குறை படத்தின் முடிவில். பிரேம் தூங்கி எழுகிறான், எல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. நிஜ பிரேம்குமாரும் மீண்டு வந்தவர், பிறகு ‘96’ இயக்கியவர், ஆகவே இதைப் பொய் என்று சொல்ல முடியாது. பெரும்பாலான பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் சரியாகிவிடுகிறது என்பதும் உண்மை. ஆனால் ஒரு பகுதியினருக்கு ஆவதில்லை. ஏற்கெனவே அடிபட்ட தலை என்றால் அந்த வாய்ப்பு இன்னும் கூடும். அவர்களுக்குத் தமிழ் சினிமாவில் கதையே கிடையாது. ‘மூன்றாம் பிறை’ தொடங்கி ‘கஜினி’ வரைக்கும் தலையில் அடி என்றால் நினைவு போகணும். நினைவு திரும்பினால் நோய் முடிஞ்சது. தலைவலி, வெளிச்சம் தாங்காத கண், குக்கர் விசில் கேட்டாலே வரும் எரிச்சல், நாலு வரி படித்ததும் சுற்றுகிற தலை, கெட்டுப்போன தூக்கம் என்று எதையும் கேமராவில் பிடிக்க முடியாதே!

எனக்கு மூன்று முறை அடி. கல்லூரி மைதானத்தில் பந்து பட்டது ஒன்று, வண்டியில் போகும்போது ரெண்டு. மூன்றாவதற்குப் பிறகு எடுத்த ஸ்கேன் சுத்தமாக இருந்தது. “ஒண்ணுமில்லையாமே, அப்புறம் என்ன?” என்று வீட்டிலும் கேட்டார்கள், ஆபீஸிலும் கேட்டார்கள். சிடி ஸ்கேன் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும்தான். கன்கஷனில் கெடுவது பெரும்பாலும் மூளை வேலை செய்யும் விதம், அது அந்தப் படத்தில் தெரியாது. ஸ்கேன் சுத்தம் என்றால் உயிருக்கு ஆபத்தில்லை என்று அர்த்தம். வலி இல்லை என்று அர்த்தமில்லை.

இந்த அனுபவத்தோடு திரும்பப் பார்த்தபோது என்னை உலுக்கியது ரிசப்ஷன் காட்சி. மேடை வெளிச்சம், வீடியோ லைட், வரிசையாக வந்து கை குலுக்கும் கூட்டம். பிரேம் உளறிவிடுவானோ என்பதுதான் படத்தின் பதைப்பு. எனக்கோ, அந்த லைட்டை யாராவது அணைங்கப்பா என்றிருந்தது. நான் இருப்பது திருவண்ணாமலையில். பௌர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம், பஸ் ஹாரன், ஒலிபெருக்கி, கடைகளின் எல்இடி விளக்கு. முன்பெல்லாம் நானும் விடிய விடிய நடந்தவன்தான். இப்போது அந்த இரவுகளில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். தெருவில் கேட்பவர்களிடம் “ஜுரம்” என்று சொல்லிவிடுவேன், ஜுரத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத அடியை நம்ப மறுப்பது சினிமாவோடு நிற்கவில்லை. 2020 டிசம்பர், கான்பெரா டி20 நினைவிருக்கா? ஸ்டார்க் போட்ட பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது, அதற்குப் பிறகும் அவர் பேட் செய்தார். மாற்று வீரராக வந்த சாஹல் மூன்று விக்கெட் எடுத்ததும் அடித்துக்கொண்டது இது நியாயமா இல்லையா என்றுதான். அறிகுறிகள் தாமதமாகவும் வரலாம் என்பதால்தான் 2019இல் ஐசிசி அந்த விதியையே கொண்டுவந்தது. அதற்கடுத்த மாதம் சிட்னியில் நம்ம அணிக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடி 62 ரன் எடுத்தவர் வில் புகோவ்ஸ்கி. அவருக்கு அதுவே கடைசி டெஸ்டாகவும் ஆனது. பத்துக்கும் மேற்பட்ட கன்கஷன்கள். 2025இல், 27 வயதில், ஆட்டத்தையே விட்டுவிட்டார். தலைவலியும் சோர்வும் இன்னும் போகவில்லை என்று அவரே பேசினார்.

பாலாஜி தரணீதரன் எடுத்தது இரண்டு மூன்று நாள் கதை, அதில் அவர் சொதப்பவில்லை. நான் பார்க்க விரும்புவது அதன் ஆறு மாதம் கழித்து வரும் பகுதியை. நினைவெல்லாம் பத்திரமாக இருக்கிறது, மனைவி பெயர் தனலட்சுமி என்று நன்றாகத் தெரியும். ஆனால் அவள் டிவி போட்டால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறான். ஏன் என்று அவளுக்கும் புரியவில்லை, அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. விஜய் சேதுபதியே நடிக்கலாம், வசனம்கூட அதிகம் வேண்டாம்.