கூடு விட்டுக் கூடு

சர்வரில் போர்டு மாற்றும் வேலையின் உச்சம் ப்ராஸசரை இறக்கி வைக்கிற இடம்தான் என்று சொல்லும் கட்சி ஒன்று எப்போதும் உண்டு. 2017-ல் எபிக் ப்ராஸசர் வந்தபிறகு அந்தக் கட்சியில் கூட்டம் அதிகமாகிவிட்டது. அதன் எஸ்பி3 சாக்கெட்டின் மூன்று திருகாணிகள், பக்கத்திலேயே பொறித்திருக்கும் 1, 2, 3, இறுக்கும்போது ஏறுவரிசை, தளர்த்தும்போது இறங்குவரிசை, 4094 முனைகளும் சமமாக அமரும் அழுத்தம். ரசிக்கக்கூடியதுதான், மறுக்கவில்லை. இன்டெலின் 3647 சாக்கெட்டில் ப்ராஸசரை முதலில் ஹீட்சிங்கின் அடியில் மாட்டி, இரண்டையும் ஒன்றாக வழிகாட்டி முளைகளின் மேல் இறக்குவதும் கண்ணுக்கு நிறைவு. ஆனால் அந்த அழகெல்லாம் சாக்கெட்டை வரைந்தவருக்குச் சேர வேண்டியது. டார்க் திருப்புளி கிளிக் என்றதும் கையை எடுக்கத் தெரிந்தால் போதும், யார் செய்தாலும் ஒரே மாதிரிதான் வரும்.

நான் பார்ப்பது மூடியை மூடியபிறகு நடப்பதை. போர்டு மாறியது சர்வருக்கே தெரியக் கூடாது. நெட்வொர்க்குக்கும் லைசென்ஸ் சர்வருக்கும் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியக் கூடாது. மேக் முகவரி, சீரியல் எண், பூட் வரிசை, கடிகாரம் என்று பழைய போர்டோடு போய்விடப் பார்க்கிற அத்தனையையும் இழுத்துப் பிடித்துப் புதிய போர்டில் குடியேற்ற வேண்டும். சித்தர் கதைகளில் வருகிற கூடு விட்டுக் கூடு பாயும் வித்தை இது. இதில் சன் மைக்ரோசிஸ்டம்ஸுக்கு மேல் எனக்கு ஒருவரும் இல்லை.

ஸ்பார்க்ஸ்டேஷன் 20-ஐத் திறந்தவர்களுக்கு அந்தச் சில்லைத் தெரிந்திருக்கும். பார்கோடு ஒட்டிய, மற்றவற்றைவிடத் தடித்த சில்லு. போர்டோடு பற்றவைத்திருக்காது, சாக்கெட்டில் செருகியிருக்கும். ஈதர்நெட் முகவரி, ஹோஸ்ட்ஐடி, ஓபன்பூட் அமைப்புகள், கடிகாரம், அத்தனைக்கும் உயிர் கொடுக்கும் லித்தியம் பேட்டரி, எல்லாம் அந்த ஒன்றுக்குள். போர்டு செத்தால் சில்லைப் பிடுங்கிப் புதியதில் செருக வேண்டியதுதான். 08:00:20 என்று தொடங்கும் அதே முகவரியோடு, அதே ஹோஸ்ட்ஐடியோடு இயந்திரம் எழும். அந்தக் காலத்துக் கம்பைலரும் கேட் மென்பொருளும் ஹோஸ்ட்ஐடியைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கும். எண் மாறினால், லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய மென்பொருள் மறுநாள் காலையில் நீங்கள் யாரென்று கேட்கும்.

அதைக் கையாளத் தெரிந்த ஒரு மூத்த பொறியாளர் ஏ.எம்.சி. வேலையாக எங்கள் அலுவலகத்துக்கு வருவார். வந்ததும் திருப்புளியை எடுக்க மாட்டார். செத்த போர்டில் பேனர் கட்டளை ஓடாது என்பதால், இயந்திரத்தை நிறுவிய அன்றே பேனரும் பிரிண்ட்என்வும் காட்டியதைக் கையால் எழுதி, மூடியின் உட்புறம் ஒட்டி வைத்திருப்பார். முதலில் அந்தத் தாளைப் படிப்பார். பிறகு மணிக்கட்டில் பட்டை. சில்லை ஒருபக்கமாக நெம்பாமல், இரு முனையையும் மாற்றி மாற்றி மயிரிழை மயிரிழையாகத் தூக்குவார்; ஒரு கால்கூட வளையாது. புதிய போர்டில் வைக்குமுன், பள்ளம் இருக்கும் பக்கத்தைக் கண்ணால் பார்த்தபிறகும் விரல்நுனியால் ஒருதரம் தடவிப் பார்த்துக்கொள்வார். எஸ்பி3 கட்சிக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, அவர்களுடைய மூன்று திருகாணிகளும் சேர்ந்து அந்தத் தடவலுக்கு ஈடாகாது.

பேட்டரியைச் சில்லுக்குள்ளேயே வைத்து அடைத்தது சன்னின் பிழைதான். பேட்டரி தீர்ந்தால் முகவரியும் அழிந்துபோகும். பழைய இயந்திரங்களைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் சில்லின் மேற்பகுதியை அறுத்து, வெளியிலிருந்து பேட்டரி கட்டி, ஓகே ப்ராம்ப்டில் எம்கேபி கட்டளையால் ஒவ்வொரு பைட்டாக முகவரியை எழுதுகிறார்கள். அதுவே பெரிய கலை என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. எனக்கு அது ஒட்டுவேலை.

பின்னால் வந்த சன் ஃபயர் வரிசையில் அதே யோசனையை இன்னும் சுத்தமாகச் செய்தார்கள். 2003-ல் வந்த வி240-ஐப் பாருங்கள். அடையாளம் முழுவதும் முன்பக்கத்து மறைப்புக்குப் பின்னால் ஒரு சிறிய அட்டையில் இருக்கும். போர்டை மாற்றும்போது அந்த அட்டையைத் தொடவே வேண்டாம். அட்டை இல்லாவிட்டால் இயந்திரம் பூட் ஆகாது. எது பெட்டியின் உடல், எது அதன் அடையாளம் என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்த இன்னொரு வடிவமைப்பை நான் கண்டதில்லை. 2010-ல் ஆரக்கிள் சன்னை வாங்கியதும் பலரும் சோலாரிஸுக்காக வருந்தினார்கள். நான் வருந்தியது அந்த அட்டைக்காக.

எக்ஸ்86 பக்கம் இந்த விஷயத்தில் வெகுகாலம் தூங்கிக்கொண்டிருந்தது. ஹெச்பி ப்ரோலியன்டில் போர்டு மாற்றினால், எஃப்9 அமுக்கி உள்ளே போய்ச் சீரியல் எண்ணையும் ப்ராடக்ட் ஐடியையும் கையால் தட்டவேண்டும். ஓர் எழுத்து பிசகினால், அடுத்த பழுதுக்கு அழைக்கும்போது அப்படியொரு சர்வரே இல்லை என்பார்கள். டெல் 2014-ன் பதின்மூன்றாம் தலைமுறையில் ஈஸி ரீஸ்டோர் கொண்டுவந்தது. புதிய போர்டு என்று பயாஸ் கண்டுகொண்டு, சர்வீஸ் டேகையும் லைசென்ஸையும் பழைய அமைப்புகளையும் திருப்பி எடுத்துக்கொள்ளவா என்று கேட்கும். நல்ல வசதி. ஆனால் மேலே சொன்ன மனிதரின் தாளை அது ஒழித்துவிட்டது.

இன்று போர்டு மாற்ற வருகிறவர்களின் கண் நான்கு மணிநேர எஸ்.எல்.ஏ.யின் மேல் இருக்கிறது. திரையில் லோகோ வந்ததும் படிவத்தை நீட்டுகிறார்கள். லோகோ வருவது எங்கே, சர்வர் வருவது எங்கே? ரெட்ஹாட் 6 ஓடுகிற பெட்டியில் போர்டின் மேக் முகவரி மாறியதும் ஈத்0 காணாமல் போய் வேறு எண்ணில் முளைக்கும்; பழைய யூடெவ் விதிக்கோப்பைத் திருத்தும்வரை பிங் போகாது. கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் தவறினால் கெர்பரோஸ் யாரையும் உள்ளே விடாது. பூட் பதிவுகள் பழைய போர்டின் என்விராமோடு போயிருக்கும். லோகோ வந்த மகிழ்ச்சியில் இவை ஒன்றும் கண்ணில் படுவதில்லை. புதிய போர்டின் சாக்கெட் மூடியைக் கழற்றிப் பழைய போர்டின் முனைகளுக்குப் போட்டு, ஆன்டிஸ்டாடிக் உறைக்குள் வைத்து மூடுகிற பொறியாளரைப் பார்த்தால் இப்போதெல்லாம் எழுந்து நின்று காப்பி வாங்கிக் கொடுக்கத் தோன்றுகிறது. சாக வேண்டியது செத்துவிட்டது, அதன் முனை வளைந்தால் என்ன என்று நினைக்காதவர் அவர்.

வி.எம்.களை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிப் போடுங்கள், போர்டு மாற்றுவதெல்லாம் பழங்காலம் என்று இளையவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் நகர்த்துகிற அந்த வேறு ஹோஸ்டிலும் ஒரு போர்டு இருக்கிறது. பெரிய நிறுவனங்களே அதை உணர்ந்ததால்தான் ஓபன் கம்ப்யூட் திட்டத்தில் டிசி-எஸ்சிஎம் என்ற தனி அட்டை வந்தது. பிஎம்சியும் பாதுகாப்புச் சில்லும் இப்போது அதற்குப் போய்விடுகின்றன. போர்டில் மிஞ்சுவது ப்ராஸசரும் மெமரியும் அவற்றைச் சுற்றிய வேலையும். புதுமை என்று கொண்டாடுகிறார்கள். வி240-ன் அட்டையைப் பார்த்தவர்களுக்கு இது ஊர் திரும்பிய உறவினர்.

அதுவரை நம் ரேக்குகளில் பழைய மாதிரிப் பெட்டிகள்தான். போர்டோடு ஆள் வந்தால், உறையைப் பிரிக்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: பழைய மேக் முகவரிகளைக் குறித்தாயிற்றா, பிட்லாக்கர் மீட்புச் சாவி யாரிடம் இருக்கிறது? இரண்டுக்கும் பதில் வராமல் திருப்புளியை எடுக்கவிடாதீர்கள்.