கொடுத்தும் கொடுக்காமலும்

ஒரு ஏபிஐயை எழுதியவரின் கைத்திறனை எடைபோட நான் முதலில் பார்க்கும் இடம் ஒன்று உண்டு: அவருடைய கிளாஸ் தனக்குள் வைத்திருக்கும் லிஸ்டை வெளியாருக்கு எப்படிக் கொடுக்கிறது? ஆர்டர் என்று ஒரு கிளாஸ் இருக்கிறது. உள்ளே பொருள்களின் லிஸ்ட், கூடவே மொத்தத் தொகை. பொருள் சேரும்போதெல்லாம் தொகையும் ஏற வேண்டும். உள்ளிருக்கும் லிஸ்டையே ஒரு மெத்தட் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டால், அதை வாங்கியவர் சத்தமில்லாமல் ஒரு பொருளைச் சேர்த்துவிடலாம். தொகைக்கு அது தெரியவே தெரியாது.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 1997-ல் வந்த ஜாவா 1.1.1-ல், ஒரு கிளாஸுக்கு டிஜிட்டல் கையொப்பம் இட்டவர்கள் யார் என்று சொல்லும் ‘கெட்சைனர்ஸ்’ மெத்தட், நகலைத் தராமல் உள்ளே இருந்த அரேயையே தந்தது. நம்பத் தகாத ஆப்லெட் ஒன்று அந்த அரேயில் நம்பகமானவரின் அடையாளத்தை எழுதிக்கொண்டு, அவருக்குரிய சலுகைகளை அடைய முடிந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். அரேயை நகலெடுத்துக் கொடுத்திருந்தால் போதும், அந்த வழி அடைபட்டிருக்கும்.

1998-ல் ஜாவா 1.2-உடன் வந்த கலெக்‌ஷன்ஸ் நூலகத்தில் ‘அன்மாடிஃபையபிள்லிஸ்ட்’ இருந்தது. ஜோஷுவா பிளாக்கின் வடிவமைப்பு அது. லிஸ்டின் மேல் ஒரு மெல்லிய உறையைப் போடும். வாங்கியவர் எதையாவது சேர்க்கப் போனால் எக்ஸெப்ஷன் வரும். ஆனால் அது நகல் அல்ல. உரிமையாளர் உள்ளே மாற்றுவதெல்லாம் வெளியேயும் தெரியும். சில இடங்களில் அதுதான் வேண்டும். சில இடங்களில் அதுவே வினை. ஒருவர் லிஸ்டை வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கும்போது உரிமையாளர் ஒன்றைச் சேர்த்தால், படிப்பு பாதியில் முறியும்.

ஜாவா 10-ல் வந்த ‘லிஸ்ட்.காப்பிஆஃப்’ என் மனதுக்கு மிகவும் பிடித்தது. மாறவே மாறாத ஒரு நகலை அது தருகிறது. கொடுத்த லிஸ்ட் அதே வகையில் உருவான மாறா லிஸ்டாக இருந்தால், பொதுவாக அதையே திருப்பித் தந்துவிடும், வீணாக நகலெடுக்காது. உறை போட்ட லிஸ்டைக் கொடுத்தாலோ ஏமாறாது. உள்ளே மாறக்கூடிய லிஸ்ட் இருக்கலாம் என்று நகலெடுத்தே தீரும். எங்கே தாராளம், எங்கே கண்டிப்பு என்று அறிந்து எழுதிய கை அது. லிஸ்டுக்குள் இருக்கும் பொருள்களைப் பூட்டுவது அதன் வேலையில்லை. அவை மாறக்கூடியவை என்றால் மாறத்தான் செய்யும்.

காட்லின் வேறு வழியில் போகிறது. அங்கே ‘லிஸ்ட்’ என்ற டைப்பில் சேர்க்கும் மெத்தடே கிடையாது. வாசிக்க இதமாக இருக்கிறது. ஆனால் ஜாவா மெய்நிகர் இயந்திரத்தில் ஓடும்போது, பிடிவாதக்காரர் ஒரு காஸ்ட் போட்டு உள்ளே கைவைத்துவிடலாம்.

ரஸ்ட் மொழியில் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்கும். அங்கே அதே ஆர்டர் தன் பொருள்களை ஒரு ஸ்லைஸாக இரவல் தருகிறது. நகலும் இல்லை, உறையும் இல்லை. இரவல் வாங்கியவர் படித்து முடிக்கும்வரை உரிமையாளரே புதுப் பொருளைச் சேர்க்க முடியாது. அப்படி எழுதிய கோடு கம்பைல் ஆகாது. ஜாவாவில் ஓடும்போது முறிந்த படிப்பு, இங்கே முறிய இடமே இல்லை. தனக்கென்று நிரந்தரமாக ஒரு லிஸ்ட் வேண்டும் என்பவர் ‘டு_வெக்’ என்று எழுதி நகலெடுத்துக்கொள்ளலாம். அதற்கான செலவு, எழுதிய அந்த வரியிலேயே எல்லோர் கண்ணிலும் படும்.