தூய செயற்கூறும் திண்டுக்கல் நிலத்தடி நீரும்

தமிழ்நாட்டில் 2019-ல் பாடத்திட்டம் மாறியபோது பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தின் முதல் பாடமாகச் செயற்கூறு (ஃபங்ஷன்) வந்து அமர்ந்தது. சைன் 0 என்று எத்தனை முறை கேட்டாலும் விடை 0 தான். ரேண்டம் செயற்கூறோ கேட்கும்போதெல்லாம் வேறு எண்ணைத் தரும். முன்னது தூயது, பின்னது தூயதல்ல. ஹாஸ்கெல் மொழி இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. திண்டுக்கல்லில் ஓர் அரசுப் பள்ளி மாணவி எடுத்த எடுப்பிலேயே இதைப் படிக்கிறாள். ஆனால் அடுத்த அலகில் பைத்தான் தொடங்கியதும் இந்தச் சிந்தனை காணாமல் போகிறது. பிறகு அது புக் பேக் கேள்விக்கான விடையாக மட்டும் மிஞ்சுகிறது.

இயற்பியலுக்கோ கணிதத்துக்கோ நீரியலுக்கோ போகப்போகும் பிள்ளைக்கு இந்தப் படிப்பு உதவுமா? உதவும் என்பதே என் கருத்து. ஆனால் எங்கே உதவும், எங்கே தடுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

தூய செயற்கூறுகளை அடிப்படையாகக் கொண்ட செயற்கூறு சார் நிரலாக்கம் அறிவியல் கணக்கீட்டுக்கு அந்நியமானதல்ல. 1957-ல் அறிவியல் கணக்கீட்டுக்கான ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜான் பேக்கஸ், இருபது ஆண்டுகள் கழித்து டூரிங் விருது உரையில் அந்த மொழியின் வழிமுறையையே கேள்விக்கு உட்படுத்தி, செயற்கூறுகளை இணைத்து நிரல் எழுதும் முறையை முன்வைத்தார். இம்முறையின் பெருமையை விளக்கி ஜான் ஹியூஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் எண்முறைக் கணிதத்திலிருந்தும் எடுத்துக்காட்டுகளை எடுத்தது. நியூட்டன் முறையில் 2-ன் வர்க்கமூலத்தைத் தேடினால் 1, 1.5, 1.4167, 1.4142 என்று தோராயங்கள் வரிசையாக வரும். இந்த வரிசையை உருவாக்குவது ஒரு செயற்கூறு. எங்கே நிறுத்தலாம் என்று முடிவெடுப்பது இன்னொன்று. நிறுத்தும் செயற்கூறைத் தொகையிடலுக்கும் வகையிடலுக்கும் அப்படியே பயன்படுத்தலாம். வழக்கமான லூப்பில் இந்த இரண்டு வேலையும் பின்னிக்கிடக்கும். ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசையும்.

தூய்மையின் பயன் அன்றாட வேலையில் இன்னும் தெளிவாகத் தெரியும். நம் பகுதியில் கிணற்று ஆழத்தை அடியில் சொல்வோம். ஆய்வுக்கு மீட்டர் வேண்டும். நிரலைக் கட்டம் கட்டமாக ஓட்டும் ஜூப்பிட்டர் நோட்புக்கில் ஆழப் பட்டியலை 0.3048-ஆல் பெருக்கி, அதே பெயரில் திரும்பச் சேமிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 40 அடி 12.19 மீட்டர் ஆகிறது. கவனிக்காமல் அதே கட்டத்தை இன்னொரு முறை ஓட்டினால் 3.72 ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. வரைபடமும் அழகாகவே வரும். மூலப் பட்டியலைத் தொடாமல் புதிய பட்டியலைத் தரும் தூய செயற்கூறாக அதை எழுதியிருந்தால், நூறு முறை ஓட்டினாலும் 12.19 தான். ஓர் ஆய்வு முடிவை இன்னொருவர் திரும்பச் செய்து சரிபார்க்க முடிய வேண்டும் என்பது அறிவியலின் முதல் நிபந்தனை. அதற்கு இந்தப் பழக்கம் நேரடியாகத் துணை நிற்கிறது.

பெரிய கருவிகளும் இதற்குச் சாட்சி. கூகுள் 2018-ல் வெளியிட்ட ஜாக்ஸ் நூலகம், ஒரு செயற்கூறைத் தானாக வகையிட்டுத் தரும், வேகமாக்கித் தரும். அதற்கு அது விதிக்கும் நிபந்தனை, செயற்கூறு தூயதாக இருக்க வேண்டும் என்பது. மேட்லேப் மென்பொருள் ஃபூரியே உருமாற்றத்துக்கு உள்ளே பயன்படுத்தும் எஃப்எஃப்டிடபிள்யூ நூலகத்தின் வேகமான சி நிரல்களில் பெரும்பகுதியை எழுதித் தருவது ஓகேமல் என்ற செயற்கூறு சார் மொழியில் எழுதப்பட்ட ஒரு நிரல்.

இனி குறைகள். முதலாவது நினைவகம். ஆயிரத்துக்கு ஆயிரம் கட்டங்கள் கொண்ட அணி 8 எம்பி பிடிக்கும். பழையதை மாற்றாமல் ஒவ்வோர் அடியிலும் புதிய அணி உருவாக்கினால், ஆயிரம் அடிகளில் 8 ஜிபி எழுதப்படும். கம்பைலர் சில இடங்களில் இதைத் தவிர்த்துவிடும். எல்லா இடத்திலும் அல்ல. ஹாஸ்கெலில் சோம்பல் கணக்கீடும் சேர்ந்துகொள்ளும். தேவைப்படும்வரை கணக்கைத் தள்ளிப்போடும் இந்தப் பண்பால் ஒரு சாதாரணக் கூட்டல்கூட நினைவகத்தை நிரப்பிவிடலாம். ஏன் நிரம்பியது என்று புதியவரால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவது குறை நம் பாடத்திட்டத்தோடு ஒட்டியது. செயற்கூறு தன்னைத்தானே அழைக்கும் தற்சுழற்சியை முதல் அலகு கற்றுத்தருகிறது. அடுத்து வரும் பைத்தானோ இயல்பான அமைப்பில் சுமார் ஆயிரம் ஆழத்தோடு தற்சுழற்சியை நிறுத்திவிடும். மூன்று ஆண்டு நீர்மட்டத்தை நாள்வாரியாகத் தற்சுழற்சியில் கணக்கிட்டால் 1,095 அடிகள் வேண்டும். மூன்றாம் ஆண்டின் முக்கால் பகுதியை நெருங்கும்போது நிரல் நின்றுபோகும். முதல் பாடத்தை நம்பிய மாணவிக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

மூன்றாவது குறை நுட்பமானது. கணிதத்தில் எண்களை எந்த வரிசையில் கூட்டினாலும் விடை ஒன்றுதான். கணினியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் முதலில் கூட்டிப் பிறகு 0.3 சேர்த்தால் 0.6000000000000001 வரும், பின் இரண்டை முதலில் கூட்டினால் 0.6 வரும். தூய செயற்கூறுகளைப் பல செயலிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது எளிது என்பது உண்மை. ஆனால் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்களும் மாறும். செயற்கூறு தூயதாக இருப்பதால் மட்டும் எண்பிழை நீங்கிவிடாது.

திண்டுக்கல்லின் சொந்தக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரால் இங்கே கிணற்று நீர் கெட்டது ஊரறிந்த துயரம். ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தினர், அந்த மாசு நிலத்தடியில் எப்படி நகர்கிறது என்பதை மோட்ஃப்ளோ கொண்டு கணித்திருக்கிறார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை 1980-களில் ஃபோர்ட்ரானில் வெளியிட்ட நிரல் அது. நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நீர்மட்டத்தையும் அண்டைக் கட்டங்களை வைத்துக் கணக்கிடும். இரண்டு கட்டங்களுக்கிடையே எவ்வளவு நீர் பாயும் என்று சொல்லும் டார்சி விதி ஒரு தூய செயற்கூறு. ஆனால் லட்சக்கணக்கான கட்டங்களை மறுபடி மறுபடி திருத்தும் வேலைக்கு, அணியை இருந்த இடத்திலேயே மாற்றுவதுதான் சிக்கனம். சூத்திரத்தைத் தூயதாக வைத்துக்கொள்ளலாம். அணியைத் திருத்துவதையும் கோப்பை வாசிப்பதையும் ஓரிடத்தில் ஒதுக்கிவிடலாம். இந்தப் பங்கீடுதான் அறிவியல் நிரலுக்குச் சரியான பாடம்.

எனவே என் தீர்ப்பு இது. முழு ஆய்வையும் ஹாஸ்கெலில் எழுதச் சொல்வது மாணவரைத் தனிமைப்படுத்தும். அவர் வழிகாட்டியும் சக மாணவர்களும் பைத்தானிலோ மேட்லேபிலோ இருப்பார்கள். வேண்டிய நூலகங்களும் அங்கேதான் இருக்கும். ஆனால் செயற்கூறு சார் சிந்தனையைக் கற்காமல் அறிவியல் நிரல் எழுத வருவது அதைவிடப் பெரிய இழப்பு. ஒரு பருவம் செலவிட்டு அதைக் கற்றுக்கொண்டு, எந்த மொழிக்குப் போனாலும் அந்தப் பழக்கத்தைக் கையோடு கொண்டுபோவதே நல்ல வழி. சென்னைக் கணிதக் கழகத்தின் மாதவன் முகுந்த், எஸ்.பி. சுரேஷ் இருவரும் நடத்திய ஹாஸ்கெல் பாடம் என்பிடெல் இணையப் பாடத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

பள்ளி ஆசிரியர்களும் காந்திகிராமம் உள்ளிட்ட நம் மாவட்ட உயர்கல்வி நிறுவனங்களும் ஒன்று செய்யலாம். முதல் அலகை வரையறைகளோடு விட்டுவிடாமல் பிராக்டிகலுக்குக் கொண்டுவாருங்கள். அடியை மீட்டராக்கும் செயற்கூறைத் தூயதாக எழுதச் சொல்லுங்கள்; தற்சுழற்சியை 1,095 நாட்களுக்கு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்; 0.6 ஏன் பிசகுகிறது என்று விளக்கச் சொல்லுங்கள். இந்த மூன்றுக்கும் புதிய பாடத்திட்டம் தேவையில்லை. இருக்கிற ஆய்வகமும் இரண்டு வகுப்பு நேரமும் போதும்.